அவியளுக்கு ராத்திரி போட ஒரு பைஜாமா, அதுக்கு பேட்டர்ன் எங்க தேட?

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல மக வீட்டுக்கு சென்னைக்கு போனோம், எங்க வீட்டு ஆளுக்கு கிடைச்சது மிடில் பெர்த்து. அவிய வீட்டுல எப்பவும் சாரம்தான் (லுங்கி), ரயில்லயும் சாரம்தான். நடுராத்திரி பாத்ரூம் போக இறங்குறதுக்கு ஒரு கால வெளிய போட்டாவ, அந்த சாரம் பெர்த்து சங்கிலில மாட்டிக்கிச்சு, மீதிய நான் சொல்ல வேண்டாம். எதிர்த்த சீட்ல ஒரு குடும்பமே உக்காந்திருந்துது. ஊருக்கு திரும்பி வந்த உடனே "எனக்கு ராத்திரி போட ஒரு பேன்ட் மாதிரி தச்சு தா"ன்னு அவியளே கேட்டாவ, இருபத்திரெண்டு வருஷத்துல தையல் மிஷின் பக்கம் திரும்பி பாக்காத மனுஷன்.

நான் நைட்டி தைப்பேன், ப்ளவுஸ் தைப்பேன், பிள்ளையளுக்கு பாவாடை தச்சிருக்கேன், ஆம்பளைக்கு பேன்ட் மாதிரி ஒண்ணும் தச்சதில்ல. சரி பேட்டர்ன் (துணி மேல வச்சு வெட்டுற பேப்பர் அச்சு) ஒண்ணு கிடைச்சா வெட்டிரலாம்னு தேட ஆரம்பிச்சு, ரெண்டு துணிய வீணாக்கி, மூணாவதுதான் உருப்படியா வந்துது. நீங்க அந்த ரெண்டு துணியையும் வீணாக்க வேண்டாம்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். பேட்டர்ன் தேடுறதுக்கு முன்னாடி ஆளு எப்படி தூங்குறாவன்னு ரெண்டு நாள் பாருங்க, சிரிக்காதீங்க, நெசமாத்தான். பேன்ட்டுங்கது நிக்கதுக்கும் நடக்கதுக்கும் தைக்கது, பைஜாமா முழங்கால மடக்கி கிடக்கதுக்கு தைக்கது. எங்க ஆளு ஒருக்களிச்சு படுத்து ஒரு கால நெஞ்சு வரைக்கும் இழுத்து வச்சுட்டுதான் தூங்குவாவ. அப்படி கிடக்கயில பின்பக்க துணி ஒருவாடு வேணும், இல்லன்னா இடுப்பு கீழ இறங்கும், இல்ல தையல் பிரியும். மல்லாந்து நேரா கிடக்க ஆளுன்னா எந்த பேட்டர்னும் ஒத்துக்கும். அதுபோல ராத்திரி நாலு தடவ எந்திரிக்கவங்களுக்கு நாடா மட்டும் வச்சீங்கன்னா இருட்டுல முடிச்ச அவுக்க முடியாம உங்களத்தான் எழுப்புவாவ, எலாஸ்டிக் போடுங்க.

அளவு எடுக்கது. இடுப்பு, சீட்டு (பின்பக்கம் நல்லா உருண்டு இருக்க இடத்துல சுத்தளவு), முழு நீளம் இந்த மூணும் எல்லாருக்கும் தெரியும். நாலாவது ஒண்ணு இருக்கு, அதத்தான் எல்லாரும் விட்டுருவாங்க, நானும் விட்டேன். ஆள பலகை மாதிரி கெட்டியா இருக்க ஒரு நாற்காலில நேரா உக்கார வைங்க, மெத்த வச்ச சோபா வேண்டாம், இடுப்புல எலாஸ்டிக் வர வேண்டிய இடத்துல ஒரு கயிறு கட்டிட்டு அந்த கயிறுல இருந்து பக்கவாட்டுல நாற்காலி பலகை வரைக்கும் டேப்பு பிடிங்க. எங்க ஆளுக்கு 11 இஞ்சு வந்துது. அதோட 1 இஞ்சு கூட்டிக்கோங்க. இந்த அளவு சரியா இருந்தா மிச்சம் எல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பைஜாமா பைஜாமாவா இருக்கும். இது தப்பாச்சுன்னா எவ்வளவு விலை குடுத்த பேட்டர்னும் சவம்தான்.

இனி பேட்டர்ன். நம்ம ஊரு கடையள்ல ப்ளவுஸுக்கு பேப்பர் கட்டிங் சைஸ் வாரியா கிடைக்கும், தையல் சாமான் விக்க கடையில கேட்டா எடுத்து தருவாங்க, ஆனா ஆம்பளை பைஜாமாவுக்கு நான் நாகர்கோவில்லயும் தக்கலையிலயும் கேட்டுப் பாத்தேன், கடைக்காரரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. நம்ம டெய்லருமாரு எல்லாம் டேப்பும் சாக்பீஸும் வச்சு நேரா துணி மேலயே கோடு போடுற ஆளுங்க, அவங்களுக்கு பேப்பரே தேவையில்ல. பேப்பர்ல சைஸ் சைஸா பேட்டர்ன் போட்டு விக்க பழக்கம் அமெரிக்காவுல 1863ல பட்டரிக்னு ஒரு டெய்லர் ஆரம்பிச்சது, அதுவும் அவரு பொண்டாட்டி சொல்லித்தான்னு சொல்லுவாங்க. பொறவு மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, ஜெர்மனில புர்தான்னு பேட்டர்ன் கம்பெனி எல்லாம் வந்துது. அவங்க பேட்டர்ன் கவருங்க நம்ம பக்கம் கிடைக்காது, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா துணிய விட பேட்டர்னுக்கு விலை ஜாஸ்தி. கல்ஃப்ல, அமெரிக்காவுல கொளுந்தன் மைனி யாராவது இருந்து லீவுக்கு வரும்போது கொண்டு வந்தா நல்லது, இல்லன்னா அத விட்டுருங்க.

அதுனால நமக்கு உள்ள வழி மூணுதான். வீட்டுல கிடக்க பழைய பேன்ட்ட வச்சு வரைஞ்சு எடுக்கது, நெட்டுல இருந்து எடுத்து பிரிண்ட் போடுறது, இல்ல நாமளே அளவு வச்சு வரைக்கது.

பழைய பேன்ட்ட வச்சு எடுக்கதுதான் எனக்கு பிடிச்சது, ஏன்னா அது ஏற்கனவே அந்த ஆளு உடம்புல உக்காந்து பழகுனது. ட்ராக் பேன்ட்டு மாதிரி இழுபடுற துணில எடுக்காதீங்க. பனியன் துணி இழுபட்டு குடுக்கும், அதே அளவுல காட்டன்ல வெட்டுனா ஆளு உள்ளயே போக மாட்டாரு, என் முதல் துணி போனது இப்படித்தான். இழுபடாத துணில உள்ள தொளதொளன்னு இருக்க ஒண்ணு வேணும். அத நீளவாக்குல ரெண்டா மடிச்சு, ஒரு கால் மேல இன்னொரு கால் வர்ற மாதிரி வச்சு, நடுத்தையல் வளைவ வெளிய இழுத்து விட்டு தரையில விரிங்க. எலாஸ்டிக் இடுப்புன்னா சுருக்கத்த முழுசா இழுத்து நாலு இடத்துல குண்டூசி குத்திக்கோங்க. அடியில பெரிய பிரவுன் பேப்பர் போடுங்க, பழைய நியூஸ்பேப்பர் வேண்டாம், மை வெள்ளைத் துணில ஒட்டும், பழைய காலண்டர் தாள் பின்பக்கத்த ஒட்டிச் சேத்தாலும் போதும். முன்பக்கம் தனியா, பின்பக்கம் தனியா வரையணும், ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒரே பேப்பர்ல நாலு துண்டு வெட்டிராதீங்க. பின்பக்கம் எப்பவும் பெருசு, அதோட வளைவு ஆழமா நீளமா இருக்கும், இடுப்பும் நடுவுல ஒரு ஒண்ணரை இஞ்சு உயரமா ஏறி நிக்கும். அந்த ஏத்தம்தான் நம்மள கால மடக்கி தூங்க விடுறது.

வரைஞ்ச கோடு தையல் போற கோடு, அதுக்கு வெளிய சுத்தி அரை இஞ்சு தையலுக்கு விடுங்க, மேல எலாஸ்டிக் மடிக்க 2 இஞ்சு, கீழ மடிக்க ஒண்ணரை. வளைவு கோணலா வந்தா சாப்பாட்டு தட்ட வச்சு இழுத்து விடலாம், யாரும் பாக்க போறதில்ல. பொறவு முன்பக்க உள்கால் தையலையும் பின்பக்க உள்கால் தையலையும் டேப்பு வச்சு அளந்து ரெண்டும் ஒரே நீளமான்னு பாருங்க, வெளிக்காலும் அப்படியே. கால் இஞ்சு வித்தியாசம் இருந்தா சமாளிக்கலாம், ஒரு இஞ்சு இருந்தா துணி முறுகும்.

நெட்டுல தேடுறவங்களுக்கு. தமிழ்ல பைஜாமா கட்டிங்னு போட்டா பாதிக்கு மேல குர்தாவோட போடுற கல்யாண பைஜாமாதான் வரும், அது கணுக்கால்ல இறுக்கமா இருக்கும், தூங்க ஆகாது. இங்கிலீஷ்ல தேடும்போது மென்ஸ் பைஜாமா பேன்ட்ஸ் ஃப்ரீ பிடிஎஃப் பேட்டர்ன்னு போடுங்க, அமெரிக்கா ஸ்பெல்லிங் (pajama) ஒண்ணு, பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் (pyjama) ஒண்ணு, ரெண்டையும் போட்டுப் பாருங்க, வர்றது வேற வேறயா இருக்கும். லவுஞ்ச் பேன்ட்ஸ், ஸ்லீப் பேன்ட்ஸ்னு போட்டாலும் அதேதான். ஆஸ்பத்திரில டாக்டர்மாரு போடுற ஸ்க்ரப் பேன்ட்ஸ் பேட்டர்னும் அச்சு அசல் பைஜாமாதான், அதுவும் தேடிப் பாக்கலாம். ஃப்ரீசூயிங்னு ஒரு வெப்சைட் இருக்கு, அதுல நம்ம அளவ குடுத்தா அந்த அளவுக்கே பேட்டர்ன் வரைஞ்சு குடுக்கும், காசு கிடையாது. மூட்னு நியூயார்க்ல ஒரு துணிக்கடை, அவங்களும் கொஞ்சம் பேட்டர்ன் சும்மா குடுக்காங்க. நிறைய எடத்துல ஈமெயில் கேப்பாங்க, குடுக்கலாம், கார்டு நம்பர் கேட்டா வெளிய வந்துருங்க.

பாத்த உடனே டவுன்லோடு பண்ணிராதீங்க. போட்டோவுல அழகா நிக்கான்னு நம்பாதீங்க, அளவு அட்டவணைய பாருங்க. எம், எல், எக்ஸ்எல் எல்லாம் அவங்க ஊரு கணக்கு. நம்ம ரெடிமேட் கடையில எல் எடுக்க ஆளு அங்க எம்மா இருக்கலாம். சீட்டு அளவ வச்சுதான் சைஸ் எடுக்கணும், இடுப்ப வச்சு இல்ல, இடுப்புல எப்படியும் எலாஸ்டிக்தான் வரப்போவுது. தச்சு முடிச்ச பொறவு சீட்டு எவ்வளவு வரும்னு தனியா போட்டிருந்தா அது உடம்பு அளவ விட ஒரு 5, 6 இஞ்சு கூட இருக்கணும். தையலுக்கு விட்டது சேந்திருக்கா இல்லையான்னும் படிங்க, சிலதுல கிடையாது, புர்தா மாத இதழ் பேட்டர்ன் எல்லாம் நாமளே விடணும். துணிய யார்டு கணக்குல சொல்லியிருப்பாங்க, யார்டுன்னா 36 இஞ்சு, மீட்டர விட மூணு இஞ்சுக்கு மேல கம்மி.

இனி பிரிண்டு, இங்கதான் என் ரெண்டாவது துணி செத்தது. பிடிஎஃப் ஒரு இருபது முப்பது பேஜா பிரிஞ்சு வரும், அத ஒட்டிச் சேக்கணும். முதல் பேஜ்ல ஒரு சதுரக் கட்டம் போட்டிருப்பாங்க, 1 இஞ்சு இல்ல 5 சென்டிமீட்டர்னு எழுதியிருக்கும், அது எதுக்குன்னு நான் கண்டுக்கல. ஜெராக்ஸ் கடை பையன் ஃபிட் டு பேஜ்னு வச்சு அடிச்சு குடுத்துட்டான். அமெரிக்கா லெட்டர் பேப்பர் 216 மில்லிமீட்டர் அகலம், நம்ம ஏ4 210தான், அப்ப எல்லாத்தையும் கொஞ்சம் சுருக்கித்தான் உள்ள அடக்கும், நூத்துக்கு மூணு போயிரும். மூணுதானேன்னு தோணும், தச்ச பொறவு 46 இஞ்சு வர வேண்டிய சீட்டுல அது ஒண்ணேகால் இஞ்சுக்கு மேல. தச்சு முடிச்சு போட்டுப் பாத்தா நிக்கயில நல்லாத்தான் இருந்துது, "கொள்ளாம்"னு கூட சொன்னாவ, தரையில சாப்பிட உக்காந்தப்ப டர்ருன்னு ஒரு சத்தம்.

அதுனால கடையில ஆக்சுவல் சைஸ், இல்ல 100 பர்சன்ட்னு சொல்லி வைங்க. முதல்ல அந்த கட்டம் இருக்க ஒரு பேஜ் மட்டும் அடிக்க சொல்லி கையில ஸ்கேல் கொண்டு போய் அங்கயே அளந்து பாருங்க, கடைக்காரன் சலிச்சுக்கிட்டா சலிச்சுக்கிடட்டும். ஏ4 வெர்ஷன் தனியா இருந்தா அத எடுங்க. ஏ0ன்னு ஒரு ஃபைலும் சிலதுல இருக்கும், 841க்கு 1189 மில்லிமீட்டர், ஒரே பெரிய தாள், வீட்டு பிளான் பிரிண்ட் போடுற கடையில குடுத்தா ஒட்டுற வேலை மிச்சம். நான் ஒட்டித்தான் பழக்கம், ராத்திரி பிள்ளைய தூங்குன பொறவு தரையில பரத்தி, ஃபேன ஆஃப் பண்ணி வச்சுட்டு.

மூணாவது வழி நாமளே வரைக்கது. பயப்பட வேண்டாம், பாவாடை வெட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது அரை மணிக்கூர் வேலை. எங்க ஆளு அளவையே சொல்லுதேன், சீட்டு 40, முழு நீளம் 40, உக்கார வச்சு எடுத்தது 11. பேப்பர்ல மேல இடுப்புக் கோடு, அதுல இருந்து 12 இஞ்சு கீழ ஒரு கோடு, 40ல அடிக்கோடு. முன்பக்கத்துக்கு சீட்டுல கால்வாசி 10, அதோட 1 கூட்டி 11 இஞ்சு அகலம். அந்த 12 இஞ்சு கோட்டுல இன்னும் ரெண்டரை இஞ்சு வெளிய நீட்டி, மேல இடுப்பு வரைக்கும் வளைவா சேக்கணும். பின்பக்கத்துக்கு 10 கூட ஒண்ணரை, பதினொண்ணரை அகலம், வெளிய நீட்டுறது நாலரை, நடு இடுப்ப ஒண்ணரை இஞ்சு மேல ஏத்தணும். கீழ பாட்டம் முன்னால 9, பின்னால 10, ரெண்டு பக்கமும் சமமா குறைச்சு சாய்வா இழுத்து சேத்தா முடிஞ்சுது. தையலுக்கு விடுறது இதுக்கு வெளிய. உங்க ஆளு அளவ அந்த இடத்துல போட்டுக்கோங்க, தொந்தி இருந்தா முன்பக்க இடுப்பையும் அரை இஞ்சு ஏத்திக்கோங்க, அவியகிட்ட சொல்ல வேண்டாம்.

எந்த வழில எடுத்தாலும் நேரா புதுத்துணில கத்தரிய வைக்காதீங்க, முதல்ல ஒரு பழைய சாரத்துல வெட்டிப் பாருங்க. இது நான் தற்செயலா கண்டுபிடிச்சது, நினைச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. சாரத்தோட உயரம் இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும், பைஜாமாவுக்கும் அதேதான வேணும். மூட்டுன தையல பிரிச்சா ரெண்டு மீட்டர் கிட்ட நீளமா ஒரு துணி வரும். சாரத்த உடுத்தும்போது எது மேல எது கீழயோ அதே மாதிரி பேட்டர்ன வைக்கணும், நீளவாக்குல வச்சா ரெண்டு காலுக்கு துணி பத்தாது. என் கணக்குல ஒரு காலுக்கு முன்னும் பின்னும் சேத்து 32 இஞ்சு, ரெண்டு காலுக்கு 64, மிச்சத்துல பாக்கெட்டும் வந்துது. ரொம்ப உயரமான ஆளுன்னா சாரத்த முதல்ல டேப்பு போட்டுப் பாத்துக்கோங்க, எங்க ஆளு 40 நீளத்துக்கே ஏத்தம், மடிப்பு எல்லாம் சேத்து 45 இஞ்சு வேணும், உயரமான ஆளுக்கு அதுக்கு மேல. கட்டம் போட்ட சாரம்னா கட்டத்த சேத்து வெட்ட மெனக்கெடணும், ட்ரையலுக்கு அது தேவையில்ல.

பெரிய தையல் போட்டு ஒட்டி ஆள போட வைங்க. நின்னு பாக்கது பிரயோசனமே இல்ல. சம்மணம் போட்டு உக்கார சொல்லுங்க, குத்த வச்சு இருக்க சொல்லுங்க, கட்டில்ல கிடந்து கால மடக்க சொல்லுங்க. எங்க ஆளு "என்னத்துக்கு இந்த எக்சைஸ்"னு கேட்டாவ, ஆனா செஞ்சாவ. உக்காரும்போது பின்னால இடுப்பு கீழ இறங்குனா பின்பக்க ஏத்தம் பத்தல, பேட்டர்ன்ல சீட்டு நடுவுல குறுக்க வெட்டி, வெளித்தையல் பக்கம் ஒட்டுனபடியே விட்டுட்டு நடுத்தையல் பக்கம் மட்டும் ஒரு இஞ்சு விரிச்சு நடுவுல பேப்பர் ஒட்டிக்கோங்க. நடுவுல தொங்கி நடக்கும்போது தொடைல இடிச்சா உக்கார வச்சு எடுத்த அளவுல அரை இஞ்சு குறைங்க.

துணி விஷயத்துல நம்ம ஊரு காத்த நினைச்சு எடுங்க. வெளிநாட்டு பேட்டர்ன் எல்லாம் ஃபிளானல்ல தைக்க சொல்லும், அது அவங்க குளிருக்கு, இங்க போட்டா விடியிறதுக்குள்ள நனைஞ்சிரும். நமக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, துணி காயாம கொடியில ரெண்டு நாள் கிடக்கும், கெட்டித் துணின்னா வாடை வேற. மெல்லிசு காட்டன், பாப்ளின், கேம்ப்ரிக் இதுல ஏதாவது போதும். சாட்டின் நைட் டிரஸ்ல நல்லா இருக்கும், ஆனா பாய்ல படுக்க ஆளுக்கு வழுக்கும். 44 இஞ்சு அகலத்துல ரெண்டரை மீட்டர் எடுத்தா நடுத்தர உயரத்துக்கு தாராளம். அகலம் கூட உள்ள துணி கிடைச்சா பேட்டர்ன் பேப்பர கடைக்கே கொண்டு போய் மேல வச்சுப் பாத்து வாங்குங்க, நான் திங்கள்சந்தைல ஒரு கடையில அப்படித்தான் விரிச்சேன், அந்த அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல, அவரும் வந்து பிடிச்சாரு. வாங்குன துணிய ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு நிழல்ல காயவச்சு பொறவு வெட்டுங்க, காட்டன் முதல் தண்ணிலதான் ஒருவாடு சுருங்கும்.

தைக்கது பெருசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு காலுக்கும் வெளித்தையல், உள்தையல் ரெண்டையும் முடிச்சுட்டு, ஒரு கால திருப்பி மறு கால் உள்ள நுழைச்சு நடு வளைவ ஒரே ஓட்டமா தைங்க, அந்த வளைவுக்கு மட்டும் ரெண்டு தையல் போடுங்க. எலாஸ்டிக் இடுப்பளவ விட ரெண்டு மூணு இஞ்சு கம்மியா வெட்டுனா போதும், இறுக்குனா காலைல இடுப்புல தடம் கிடக்கும். பின்பக்க இடுப்புல உள்ள ஒரு துண்டு நாடா வச்சு தச்சிருங்க, இல்லன்னா முன்ன பின்ன தெரியாம போடுவாவ, இவிய ஒரு வாரம் அப்படித்தான் போட்டுட்டு "ஏதோ பிடிக்குது"ன்னு சொல்லிட்டே இருந்தாவ. பாக்கெட் கண்டிப்பா வைங்க, பக்கவாட்டுல. சாரம்னா மடிச்சுக் கட்டுல செருகிக்கிடுவாவ, பைஜாமாவுல போன எங்க வைக்க?

மேல சட்டை வேணும்னா பழைய ஜிப்பாவ இதே மாதிரி வரைஞ்சு எடுக்கலாம், நம்ம ஊருல ராத்திரி பனியன் போதும்னு நான் விட்டுட்டேன்.

பேட்டர்ன் பேப்பர மடிக்காம சுருட்டி வைங்க, மடிப்புல கோடு விழுந்து அடுத்த தடவ அளவு மாறும். அது மேல ஆளு பேரு, தேதி, அன்னைக்கு உள்ள சீட்டு அளவு மூணும் எழுதி வைங்க. நான் பீரோ பின்னால ஆணில மாட்டி வச்சிருக்கேன்.

நல்ல பாப்ளின்ல நீலக் கோடு போட்டு தச்ச பைஜாமா சென்னை போற பேக்ல இஸ்திரி போட்டு இருக்கு. தினமும் ராத்திரி அவிய போட்டுட்டு கிடக்கது அந்த பழைய சாரத்துல ட்ரையலுக்கு வெட்டுனதுதான். பெரிய தையல பிரிச்சு நல்ல தையல் போட்டு குடுத்துட்டேன், கட்டம் ஒண்ணுக்கொண்ணு சேராது, அது பரவால்லன்னு சொல்லுதாவ.